செகண்ட் லைஃபில் அலங்கரித்த மனை விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் லைஃப் என்ற இணையவழி மெய்நிகர் உலகில் நான் முதன்முதலாக விற்ற மனை 1024 சதுர மீட்டர். கடலோரம். மரவீடு, படகுத்துறை, முற்றத்தில் ஒரு பூமரம், அடுப்படியில் கரண்டி வரைக்கும் வைத்து மூன்று வாரம் இழைத்திருந்தேன். பணம் கட்டிய அன்றிரவே வாங்கியவரிடமிருந்து செய்தி வந்தது. "வீடு என் பெயருக்கு வந்துவிட்டது. ஆனால் கட்டிலும் அடுப்பும் மரமும் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன. நகர்த்தக்கூட முடியவில்லை." அவர் சொன்னது சரிதான். தரையும் சுவரும்தான் கைமாறியிருந்தன. அவர் எதைப் பார்த்து ஆசைப்பட்டாரோ அது கைமாறவில்லை. வாங்கிய தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, ஒருவருடைய முதல் வீட்டு நாளைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் வெகுநாள் உறுத்தியது.

இந்த உலகம் புதிதாக இருப்பவர்களுக்கு: சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்தது செகண்ட் லைஃப். நிலம் ரீஜன் ரீஜனாகப் பிரிந்திருக்கும். ஒரு ரீஜன் 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். அதைத் துண்டு போட்டால் கிடைப்பது பார்சல். நம் வழக்கில் மனை. விலை அந்த உலகின் நாணயமான லிண்டன் டாலரில். அதை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. நிலத்தை வாங்கி, மேடு பள்ளம் திருத்தி, துண்டு போட்டு விற்பதும் வாடகைக்கு விடுவதும் அங்கே மெய்யான தொழில். ஆன்ஷி சங் என்ற அவதாரின் (அந்த உலகில் நமக்காக நடமாடும் உருவம்) பெயரில் அதைச் செய்த அய்லின் கிரேஃப் 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழின் அட்டையில் வந்தார்.

கைமாறாத அழகு

நான் செய்த தவறுதான் இந்தத் தொழிலில் மிகப் பெரியது, மிகப் பரவலானதும் அதுவே. எனவே அதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன்.

செகண்ட் லைஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: மாடிஃபை (மாற்றியமைக்க), காப்பி (பிரதி எடுக்க), டிரான்ஸ்ஃபர் (அடுத்தவருக்குக் கொடுக்க). கடைகளில் விற்கும் நல்ல மரச்சாமான்களில் பெரும்பாலானவை காப்பி செய்யலாம், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது என்ற அனுமதியோடு வருகின்றன. தன் வீட்டில் வைத்துக்கொள்பவருக்கு அது வசதி. ஒன்று வாங்கிப் பத்து இடத்தில் வைக்கலாம். மனை விற்பவருக்கோ அது கண்ணி. நிலத்தை விற்கும்போது திரையில் வரும் பெட்டியில் "பொருள்களையும் சேர்த்து விற்கவா" என்று ஒரு கேள்வி வரும். "ஆம்" என்று தட்டிவிட்டால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நில உரிமையாளருக்குச் சொந்தமாகவும், டிரான்ஸ்ஃபர் அனுமதியோடும் உள்ள பொருள்கள் மட்டுமே பெயர் மாறும். மற்றவை அப்படியே நம் பெயரில் அங்கே நிற்கும்.

அதே பெட்டியில் ஷோ ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உண்மையில் கைமாறப்போகும் பொருள்கள் ஒளிர்ந்து காட்டும். பலர் அதைத் தொடுவதே இல்லை. ஊரில் மனை வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, விற்குமுன் இந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். எது ஒளிரவில்லையோ அதை விற்பனைப் படத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

நீங்களே கட்டிய வீடு என்றால் இன்னொரு நுணுக்கம். சுவர், கூரை, கதவு எல்லாம் ஒன்றாக இணைத்த வீட்டில் ஒரே ஒரு துண்டு டிரான்ஸ்ஃபர் இல்லாததாக இருந்தாலும் வீடு முழுவதும் டிரான்ஸ்ஃபர் இழக்கும். கதவுக்குள் போட்ட ஒரு ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் நிரல்), விளக்குக்குள் வைத்த ஒரு ஒலிக்கோப்பு போதும். காரணம் தெரியாமல் வீட்டையே பிரித்துப் போட்டுத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் துண்டுகளுக்குள் போட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இருவர் சேர்ந்து அலங்கரித்த மனையிலும் இதே சிக்கல் வரும். நிலம் ஒருவர் பெயரில், சோபாவும் திரைச்சீலையும் தோழியின் பெயரில் என்றால், விற்கும்போது தோழியின் பொருள் எதுவும் போகாது. அவர் முதலில் அவற்றை உங்களுக்குக் கொடுத்து, நீங்களே மறுபடி வைக்க வேண்டும். நிலம் குழுவின் பெயரில் இருந்தால் பொருள்களையும் குழுவுக்கு எழுதி வைத்திருக்க வேண்டும்.

பிறகு எதை வைத்துத்தான் அலங்கரிப்பது? காப்பி இல்லாமல் டிரான்ஸ்ஃபர் மட்டும் உள்ள பொருள்களைத் தேடி வாங்குங்கள். ஒரு காலத்தில் கச்சா (gacha) எனப்படும், காசு போட்டால் எது வரும் என்று தெரியாத குலுக்கல் இயந்திரங்களில் கிடைத்த பொருள்கள் இதற்கு வெகுவாக உதவின. 2021இல் லிண்டன் லேப் கச்சா விற்பனையை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் கையிலிருக்கும் பொருள்கள் மட்டும் இன்னும் மறுவிற்பனைக்கு வருகின்றன. கட்டுநர்களுக்கான, மூன்று அனுமதிகளும் உள்ள முழு அனுமதிப் பொருள்களை வாங்கிப் பயன்படுத்துவதென்றால் அதனுடன் வரும் உரிமக் குறிப்பைப் படியுங்கள். முழு அனுமதியோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் பெரும்பாலானவற்றில் இருக்கும். வேறொருவர் உழைப்பைத் திருடிக் குறைந்த விலையில் விற்கும் பொருள்களை வீட்டில் வைக்கவே கூடாது. உரியவர் புகார் கொடுத்தால் அது நீக்கப்படும், இழப்பு உங்களை நம்பி வாங்கியவருக்கு.

ஸ்கிரிப்ட் உள்ள பொருள்களில் ஒரு சோதனை கட்டாயம். சில ஸ்கிரிப்டுகள் உரிமையாளர் யார் என்பதை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு, பெயர் மாறிய பிறகும் பழையவரையே உரிமையாளராக நினைத்துக்கொண்டிருக்கும். கதவு என்றால் திறக்காது, அவ்வளவுதான். அழைக்காதவர்களை வெளியேற்றும் பாதுகாப்பு உருண்டை என்றால் புது உரிமையாளரை அவர் வீட்டிலிருந்தே வெளியே தள்ளும். இரண்டாவது கணக்கு ஒன்று வைத்துக்கொண்டு, பொருளை அதற்குக் கொடுத்து, அங்கே வைத்து இயக்கிப் பாருங்கள்.

நிரம்பி வழியும் மனை

ஒவ்வொரு மனைக்கும் எத்தனை பொருள் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. முன்பு அதை ப்ரிம் என்ற அடிப்படைக் கட்டுமானத் துண்டுகளாக எண்ணினார்கள். 2011இல் மெஷ் எனப்படும் முப்பரிமாண மாதிரிகள் வந்தபின் லேண்ட் இம்பாக்ட் என்று பெயர். லிண்டன் லேபே நடத்தும் நிலப்பரப்பான மெயின்லேண்டில் ஒரு முழு ரீஜனுக்கு 22,500. எனவே சாதாரணமாக 512 சதுர மீட்டருக்கு 175, 1024க்கு 351, 2048க்கு 703.

1024 மனையில் 340 வரை அலங்காரத்தால் நிரப்பிவிட்டு விற்பனைப் பலகை வைப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தில் கண்ணைப் பறிக்கும். வாங்கியவர் தன் பியானோவைக் கொண்டுவந்து வைக்கப் பார்த்தால் இடமில்லை என்று செய்தி வரும். அவர் முதலில் செய்யும் வேலை உங்கள் அலங்காரத்தைக் கலைப்பதாகத்தான் இருக்கும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள் என்பது என் கணக்கு. ஒரு நல்ல மரம், தரையோடு ஒட்டிய புல், நீரோரப் பாறை, விளக்கு. உள்ளே உட்கார ஓர் இடம். அறைகளைக் காலியாக விடுவது குறையல்ல, வருகிறவர் தன் பொருளை மனத்துக்குள் வைத்துப் பார்ப்பதற்கு அதுதான் உதவும்.

விற்பனை விளம்பரத்தில் மொத்தம் எவ்வளவு, அலங்காரம் எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதுங்கள்.

முதலில் எல்லை, பிறகு வேலி

அலங்காரம் முடித்தபின் துண்டு போடுவது தலைகீழ் வேலை. நிலத்தை 4 மீட்டர் கட்டங்களாகத்தான் வெட்ட முடியும், மிகச் சிறிய துண்டு 16 சதுர மீட்டர். வீட்டை வைத்துவிட்டு வெட்டினால் கோடு திண்ணை நடுவே போகும். எல்லையில் நிற்கும் வேலி எந்தத் துண்டின் கணக்கில் சேர்ந்திருக்கிறதோ அந்தத் துண்டோடுதான் போகும். பக்கத்து மனையை வாங்கியவருக்கு உங்கள் வேலியும், வேலி வேண்டியவருக்கு ஒன்றுமில்லாமலும் ஆகிவிடும். மரக்கிளை பக்கத்து நிலத்தில் நீள்வதும் சண்டைக்கு வழி. வெட்டியபின் மிஞ்சும் 16 சதுர மீட்டர் துணுக்குகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் அந்தத் துணுக்குகளை வாங்கித்தான் உயரமான விளம்பரக் கம்பங்களை நட்டு அக்கம்பக்கத்தின் காட்சியைக் கெடுத்தார்கள். உங்கள் மனையின் மதிப்பையும் அது குறைக்கும். பக்கத்து மனையோடு சேர்த்துவிடுவதே நல்லது.

மண்ணைத் திருத்துவதிலும் அளவு தெரிந்து இறங்குங்கள். மெயின்லேண்டில் பெரும்பாலான இடங்களில் மேலே 4 மீட்டர், கீழே 4 மீட்டர்தான் அனுமதி. குளம் வெட்டலாம், மலை எழுப்ப முடியாது.

விலைப் பெட்டியில் ஒரு நொடி

தோழிக்கு இலவசமாகக் கொடுக்க நினைத்து, யாருக்கு என்று பெயரைக் குறிப்பிடாமல், விலையில் 1 என்று போட்டு உறுதி செய்தவர்கள் நிலத்தை இழந்திருக்கிறார்கள். மலிவு நிலத்தைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கிக் கணக்குகள் உண்டு. தோழி வந்து சேர்வதற்குள் பட்டா மாறியிருக்கும். எந்த விற்பனையாக இருந்தாலும், வாங்குபவர் யார் என்று தெரிந்துவிட்டால் அவர் பெயருக்கு மட்டும் விற்பனையை வையுங்கள். விலையில் உள்ள சுழியங்களை எண்ணுங்கள்.

மாதக் கட்டணத்தில்தான் புதியவர்கள் சத்தமில்லாமல் நஷ்டப்படுகிறார்கள். டையர் எனப்படும் நிலக் கட்டணம், கடந்த 30 நாளில் நீங்கள் அதிகபட்சமாக எவ்வளவு நிலம் வைத்திருந்தீர்களோ அதன்படி வரும். இரண்டு நாளில் விற்றுவிடலாம் என்று ஒரு மனை கூடுதலாக வாங்கினாலும், கட்டணப் படி ஒன்று ஏறினால் அந்த மாதத்துக்கு ஏறியதுதான். அலங்காரத்துக்கு ஆகும் நாள்களையும் இதில் சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்று வாரம் இழைப்பது அழகான வேலைதான், ஆனால் அந்த மூன்று வாரத்துக்கும் நிலம் உங்கள் தலையில் இருக்கிறது.

தனியார் நடத்தும் ரீஜன்களான எஸ்டேட்டுகளில் "விற்பனை" என்ற சொல்லே வேறு பொருள் கொள்ளும். அங்கே வாங்குபவர் முதலில் ஒரு தொகை கட்டி, பிறகு எஸ்டேட் உரிமையாளருக்கு வாராவாரமோ மாதாமாதமோ கட்டணம் செலுத்துவார். ரீஜனின் கடைசி உரிமை எஸ்டேட் உரிமையாளரிடமே. அவர் லிண்டன் லேபுக்குக் கட்டாவிட்டால் ரீஜனே மறையும், வீடும் மரமும் சேர்ந்து மறையும். கோவனன்ட் என்ற நிபந்தனைக் குறிப்பில் மறுவிற்பனைக்கு அனுமதி உண்டா, என்ன பாணியில் கட்டலாம் என்று இருக்கும். பனிமலைக் கிராமப் பாணி என்று விதித்த எஸ்டேட்டில் தென்னந்தோப்பு வைத்து விற்கப் பார்ப்பது உழைப்பு வீண். வாராந்திரக் கட்டணத்தை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். கீழே எங்கோ ஒளித்து வைத்தால் வருகிறவர் ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

படமும் பகல் வெளிச்சமும்

2020இலிருந்து ஒவ்வொரு மனைக்கும் தனி வானமும் தனி வெளிச்சமும் அமைக்க முடிகிறது. அந்தி வெளிச்சத்தில் எந்த வீடும் அழகு. ஆனால் பலர் தங்கள் திரையில் நடுப்பகல் வெளிச்சத்தையே வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். சுவர் மூலைகளில் மினுக்கும் பொருத்தமற்ற இணைப்பு, மிதக்கும் புல், தரையில் பதியாத நாற்காலி எல்லாம் அப்போதுதான் தெரியும். நடுப்பகலில் ஒருமுறை சுற்றி வந்து திருத்துங்கள். அந்திப் படத்தோடு ஒரு பகல் படத்தையும், பக்கத்து மனை தெரியும்படி ஒரு படத்தையும் போடுங்கள். பின்பக்கம் கறுப்புப் பெட்டி போன்ற கட்டடம் நிற்கிறது என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வருகிறவர் மனையில் முதலில் வந்து தோன்றும் புள்ளியையும் சரிபாருங்கள். கூரைமேல் வந்து விழுபவர் வீட்டுக்குள் நுழையாமலே போய்விடுவார்.

விற்று முடிந்த அன்றே திரும்பிப் போய்ப் பாருங்கள். உங்கள் பெயரில் மிஞ்சிய ஒவ்வொரு பொருளும் புது உரிமையாளரின் லேண்ட் இம்பாக்டைத் தின்றுகொண்டிருக்கும். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பினால் உங்கள் இன்வென்டரியின் (உங்கள் பொருள்கள் சேமித்திருக்கும் இடம்) லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கோப்புறையில் வந்து விழும். காப்பி இல்லாத பொருள் வழியில் தொலைந்தால் உங்களிடம் வேறு பிரதி இருக்காது. நீங்களே எடுத்துக்கொண்டு, எதை எடுத்தீர்கள், எது அவருடையது என்று ஒரு நோட்கார்டில் (அந்த உலகின் குறிப்புத்தாள்) எழுதி அவரிடம் கொடுங்கள். கதவுப் பூட்டில் யார் பெயரைச் சேர்ப்பது, விளக்கை எங்கே அணைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.