கார் பேட்டரி மாற்றப் போகிறீர்களா? பிராண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள்

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. சமயபுரம் போகலாம் என்று அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால், வண்டி "டக் டக் டக்" என்றது. செல்ஃப் எடுக்கவில்லை. டேஷ்போர்டு விளக்குகள் மூச்சு வாங்குவது போல மங்கி மங்கி எரிந்தன. அம்மா ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ பாத்துட்டு வா" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் புது பேட்டரி போட்டு வண்டியை எடுக்க நான்கு நாள் ஆயிற்று. ஒரு மணி நேர வேலைக்கு நான்கு நாள் ஏன் ஆனது என்பதுதான் இந்தப் பதிவு.

என் வண்டி பத்து வயது பெட்ரோல் வேகன் ஆர். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

படி 1: குற்றவாளி பேட்டரிதானா?

"டக் டக்" சத்தம் கேட்டதுமே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் பானெட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் (ப்ளஸ், மைனஸ் ஒயர் மாட்டும் முனைகள்) கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலோ, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, முறுக்கிவிட்டு மறுபடி சாவியைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்று எங்கள் தெரு மெக்கானிக் சொல்வார்.

தீரவில்லையா, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். சிகரெட் லைட்டர் குழியில் செருகும் வோல்ட் மீட்டர்களை நான் நம்புவதில்லை. ஒயரிலேயே கொஞ்சம் வோல்ட் இறங்கிவிடுவதால் அவை குறைத்துக் காட்டும். டெர்மினலிலேயே நேராக வைத்துப் பார்ப்பதுதான் சரி.

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட்டோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்டக் காலி. வண்டியை இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தீர்கள் என்றால் மீட்டர் பொய் சொல்லும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளங்கள்.

அடுத்து, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றியிருந்தும், செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுகிறது என்றால் அதற்கு வயதாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டரிலோ (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அதுதான்) அதைச் சுற்றும் பெல்ட்டிலோ கோளாறு, புது பேட்டரியும் இரண்டு நாளில் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் புது பேட்டரியை அது கொதிக்கவைத்தே கொன்றுவிடும். இரண்டுக்கும் முதலில் போக வேண்டியது எலக்ட்ரீஷியனிடம்.

பேட்டரி நல்லதாக இருந்தும் நான்கு நாள் நிறுத்தினால் டவுன் ஆகிறதா? எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. வண்டி அணைந்திருக்கும்போது 50 மில்லிஆம்பியருக்குள் இழுத்தால் சாதாரணம். அந்த 50-கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஆகிறது. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். டேஷ் கேமராவை நேரடியாக ஒயர் இழுத்து மாட்டியவர்கள் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். மைனஸ் ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரைச் சேர்த்து, அரை மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நான் மறந்தேன். மீட்டரின் ஃபியூஸ் போனது.

படி 2: லேபிளைப் படிப்பது (நான் விழுந்த பள்ளம்)

மாருதி, டொயோட்டா, ஹோண்டா மாதிரி வண்டிகள் பலவற்றில் ஜப்பானிய முறைப்படி எண் போட்ட பேட்டரிதான் இருக்கும். என்னுடையது 38பி20எல். இதைத் துண்டு துண்டாகப் படியுங்கள்.

38 என்பது திறனைக் காட்டும் தர எண். ஆம்பியர் ஹவர் என்று நினைத்துவிட வேண்டாம். என் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர்தான். 'பி' என்பது பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும் எழுத்து: அகலம் 129 மில்லிமீட்டர், உயரம் டெர்மினலை விட்டுவிட்டு 203 மில்லிமீட்டர். 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். இதுவரை ஒரு குழப்பமும் இல்லை.

கடைசியில் இருக்கிறதே அந்த 'எல்', அதுதான் என் மூன்று நாளைத் தின்றது.

என் பழைய பேட்டரியில் ஆசிட் பட்டு லேபிளின் ஓரம் அரித்துப் போயிருந்தது. 38பி20 வரை தெரிந்தது, கடைசி எழுத்து இல்லை. சரி, எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது, இதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். டெர்மினல் இரண்டும் என் பக்கம் இருந்தன, ப்ளஸ் வலது கைப் பக்கம் இருந்தது. அப்படியானால் ஆர். ஆன்லைனில் நானூறு ரூபாய் குறைவு என்று 38பி20ஆர் ஆர்டர் போட்டேன்.

வந்தது. தட்டில் அச்சு மாதிரி உட்கார்ந்தது. ஆனால் ப்ளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் இருந்தது. சிவப்பு ஒயரை இழுத்துப் பார்த்தேன், நான்கு விரல் அகலம் எட்டவில்லை. பேட்டரியைத் திருப்பி வைத்தால்? ப்ளஸ் வலது பக்கம் வந்துவிட்டது, ஆனால் டெர்மினல்கள் எஞ்சின் பக்கம் போய்விட்டன. ஒயரை வளைத்துக் கொண்டுபோனால் எட்டும் போலத்தான் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: பேட்டரியைப் பிடித்துவைக்கும் இரும்புப் பட்டை ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சுண்டு விரல் இடைவெளியில் இருந்தது. பள்ளத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கினால் ப்ளஸ் நேராக பாடியில் தொடும். தீப்பொறியோடு முடிந்தால் அதிர்ஷ்டம். கழற்றிவைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எல், ஆர் இரண்டும் நாம் முன்னால் நின்று பார்க்கிற இடது வலது அல்ல. ப்ளஸ் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அந்தக் குறுகிய பக்கத்துக்கு நேரே போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து ப்ளஸ் இடது கைப் பக்கம் தெரிந்தால் எல், வலது கைப் பக்கம் தெரிந்தால் ஆர். தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: டெர்மினல்கள் இருக்கும் நீளப் பக்கம் உங்கள் வயிற்றுக்கு நேரே இருக்கும்போது, ப்ளஸ் வலது கைப் பக்கம் இருந்தால் அது எல். இடது கைப் பக்கம் இருந்தால் ஆர். நாம் நினைப்பதற்கு நேர் எதிர்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி ஐரோப்பிய வண்டிகளில் ஜெர்மன் முறைப்படி டின் (DIN) 44, டின் 55, டின் 65 என்று வரும். இவை அகலம் கூட, உயரம் குறைவு. டெர்மினல்கள் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும், பிடிமானம் மேலே பட்டையாக இல்லாமல் அடிப்பாகத்தில் இருக்கும். இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் போட முடியாது.

எந்த வகையாக இருந்தாலும் போனில் மூன்று படம் எடுத்துவிடுங்கள். ஒன்று லேபிள். ஒன்று ஒயரோடு சேர்த்து மேலிருந்து. இன்னொன்று தட்டின் மேல் அளவுகோலை வைத்து. கடைக்காரரிடம் எண்ணைச் சொல்வதைவிட அந்த இரண்டாவது படத்தைக் காட்டுவது மேல்.

படி 3: பெரிதாகப் போடலாமா?

ஆம்பியர் ஹவர் கொஞ்சம் கூடினால் ஆல்டர்னேட்டர் எரிந்துவிடும் என்பது கட்டுக்கதை. அதே பெட்டி அளவில் 42பி20எல் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் 20 சென்டிமீட்டர் தட்டில் 24 சென்டிமீட்டர் பேட்டரியைத் திணித்துக் கயிறு கட்டுவதெல்லாம் வேண்டாம்.

சி.சி.ஏ. என்று ஒரு எண்ணைக் காட்டி விலை ஏற்றுவார்கள். மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி 30 விநாடி எவ்வளவு ஆம்பியர் தள்ளும் என்பது அதன் பொருள். கொடைக்கானல் மார்கழியில்கூட அந்தக் குளிர் கிடையாது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். உள்ளே தண்ணீர் வற்றும், ஈயத் தகடு சீக்கிரம் அரிக்கும். திருச்சி வெயிலில் மூன்று, நான்கு வருடம் உழைத்தால் அது நல்ல பேட்டரி. அதனால் பழையதில் இருந்த சி.சி.ஏ. அளவுக்குக் குறையாமல் இருந்தால் போதும். டீசல் வண்டிக்காரர்கள் மட்டும் இதில் கொஞ்சம் கறாராக இருங்கள்.

சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வண்டி என்றால் கதை வேறு. அதற்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இ.எஃப்.பி. (EFB) அல்லது ஏ.ஜி.எம். (AGM) வகைதான் போட வேண்டும். ஜப்பானிய எண்ணில் அவை எம்-42, என்-55, கியூ-85 என்று வரும். காசை மிச்சம் பிடிக்கச் சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரமே மறுபடி கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

படி 4: பிராண்ட், தேதி, வாரன்டி

எக்ஸைடா, அமரானா என்று கேட்காத ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனியின் டீலர் இருக்கிறாரோ அதை வாங்குங்கள் என்பது என் கட்சி. வாரன்டிக்கு அலையப் போவது நீங்கள்தான். பெயர் தெரியாத 'அசெம்பிள்டு' பேட்டரி, ரீகண்டிஷன் பேட்டரி பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

வாரன்டி 48 மாதம் என்று பெரிதாகப் போட்டிருந்தால், 24 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவார்களா, மீதி 24 மாதம் புதியதன் விலையில் கழிவு மட்டும்தானா என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு மாடலை ஒப்பிடும்போது இலவசமாக மாற்றித் தரும் மாத எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

தயாரித்த தேதி மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி தேதிக் குறியீடு மாறும், கடைக்காரரையே படித்துக் காட்டச் சொல்லலாம். நான் கையோடு மீட்டரும் கொண்டுபோனேன். முதலில் எடுத்து வைத்தது 12.3 காட்டியது. "சார், போட்டு ஓட்டினா ஏறிடும்" என்றார். வேறு கேட்டேன். 12.7 காட்டியதை வாங்கிக்கொண்டேன். பேட்டரியின் மேலே சார்ஜைக் காட்டும் பச்சைக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் ஆறு செல்லில் ஒன்றைத்தான் அது பார்க்கிறது.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் ஒரு விலை, கொடுக்காவிட்டால் ஒரு விலை. எனக்கு எழுநூறு ரூபாய் கழித்தார்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிடும். காயலான் கடையில் போடாமல் பேட்டரி கடையிலேயே கொடுத்துவிடுங்கள். ரசீதில் பேட்டரியின் வரிசை எண்ணை எழுதி வாங்குங்கள்.

படி 5: மாட்டுவது

பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். மோதிரம், இரும்புக் காப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். ஏன் என்றால், மைனஸ் இணைந்திருக்கும்போது ப்ளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். பத்து கிலோ கிட்ட வரும், முதுகைப் பார்த்துத் தூக்குங்கள். பட்டையை ஆடாத அளவுக்கு முறுக்கிவிட்டு, டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷன்களும் அழிந்திருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

பின்சேர்க்கை 1: விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. வரியோடு 4,500-க்கு விற்றது ஏறக்குறைய 350 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். ரசீதில் வரி விகிதத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: பின்னூட்டத்தில் ஒருவர், எல் சரியாகப் பார்த்து 55பி24எல் வாங்கியும் டெர்மினல் கிளாம்ப் லொடலொடவென்று ஆடுகிறது என்கிறார். இது எனக்கு வராத சிக்கல், ஆனால் காரணம் தெரியும். பி24 அளவில் முனை மெல்லியதும் உண்டு, தடித்ததும் உண்டு. தடித்தது என்றால் கடைசியில் இன்னொரு எழுத்து சேர்ந்து 55பி24எல்எஸ் என்று இருக்கும். அவர் வண்டிக்கு வேண்டியது எல்எஸ். ஈயத் தகட்டைச் சுற்றி இறுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். முனைக்கு மேல் மாட்டும் ஈய உறை பேட்டரி கடையிலேயே கிடைக்கும், அவசரத்துக்கு அது போதும். ரசீது கையில் இருந்து, பேட்டரியில் கீறல் விழாமல் இருந்தால், நான் மாற்றித்தான் கேட்பேன். என் 38பி20ஆர்-ஐத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், அனுப்பும் செலவு மட்டும் என் தலையில். நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், கூரியருக்கு அறுநூறு.