உங்கள் கையையே பாடமாக வைத்து மணிக்கட்டு, கை, விரல்களின் அமைப்பைப் படிக்கும் முறை

கையின் அமைப்பைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் இறங்கி, மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளிலேயே களைத்துப்போய், அவை அங்கே என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு வருவதற்குள் ஆர்வத்தை இழந்துவிடுகிறார்கள். இவ்விளக்கம் வேறு வரிசையில் செல்கிறது. விரல்களை மடக்கி நிமிர்த்தும் விசையில் பெரும்பகுதி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட முன்கையில் பிறக்கிறது. ஆகவே முன்கையில் தொடங்கி விரல்நுனியை நோக்கி வருவதே சரியான வழி என்பது என் கருத்து. செவிலியர் படிப்பிலோ இயன்முறை மருத்துவத்திலோ முதலாண்டு படிப்பவர்கள் பாடநூலைத் திறப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

தேவையானவை ஒரு மேசை, கண் மை பென்சில், ஒரு முழம் நூல், உங்கள் கைக்குப் பொருந்தும் உலோக வளையல் ஒன்று. கண்ணாடி வளையல் வேண்டாம்.

படி 1: விசை பிறக்கும் இடத்தைத் தொட்டறிதல்

வலது முன்கையை உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமீது வையுங்கள். முழங்கைக்குச் சற்றுக் கீழே உட்புறச் சதையை இடது கையால் மெதுவாகப் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குங்கள். பற்றிய இடத்தில் சதை திரண்டு அசைவது தெரியும். பிறகு கையைக் கவிழ்த்து, முன்கையின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு விரல்களை நிமிர்த்தினால் இப்போது அந்தப் பக்கம் அசையும். மடக்கும் தசைகள் உட்புறத்திலும் நிமிர்த்தும் தசைகள் வெளிப்புறத்திலும் அமைந்துள்ளன. இரண்டும் மணிக்கட்டை நெருங்கும்போது மெலிந்து, தசைநாண்களாக மாறி, விரல் எலும்புகளில் சென்று ஒட்டுகின்றன. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேரை நகர்த்துபவர்கள் தேருக்குள் இல்லாமல் வடத்தைப் பிடித்து முன்னே நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. விரல்களுக்குள் எலும்பை அசைக்கும் தசை ஒன்றுகூடக் கிடையாது. தசைகள் தொலைவில் இருப்பதால்தான் விரல்கள் ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு மெலிந்திருக்க முடிகிறது.

படி 2: முன்கையின் இரு எலும்புகள்

முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை முகத்தை நோக்கியும் எதிர்ப்புறமாகவும் திருப்புங்கள். சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பு ஏறக்குறைய அப்படியே நிற்க, கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பு அதன் குறுக்கே சுழன்று செல்கிறது. கையும் ஆரை எலும்போடு சேர்ந்து திரும்புகிறது. புறங்கை மேலே இருக்கும்போது சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் புடைத்துத் தெரிவது அல்னாவின் முனை. அதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: மணிக்கட்டின் உட்புறம்

இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, மணிக்கட்டைச் சற்றே உட்புறம் மடக்குங்கள். பலருக்கு மணிக்கட்டின் நடுவே ஒரு நாண் தனியாக எழும்பி நிற்கும். பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண் அது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். சிலருக்கு இரு கைகளிலும் இராது. இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அது இல்லாததால் கையின் வலிமையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படுவதில்லை. வேறிடத்தில் அறுந்த நாணுக்குப் பதிலாக ஒட்டுவதற்கு அறுவை மருத்துவர்கள் இதையே எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு.

அந்த இடத்திலிருந்து கட்டைவிரல் பக்கமாக நகர்ந்தால் இன்னொரு தடித்த நாண் தென்படும். அதையும் கடந்து, நாணுக்கும் ஆரை எலும்பின் விளிம்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மூன்று விரல்களை மெல்ல வைத்தால் நாடி துடிக்கும். சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் பார்க்க ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றையும் வைக்கும் இடமும் செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துத் துடிப்பை எண்ணும் இடமும் இதுவேயாகும். இரண்டு பேரும் தொடுவது ஆரைத் தமனியைத்தான். அது இங்கே எலும்பின்மேல் படிந்து, தோலுக்கு மிக அருகில் ஓடுவதால் எளிதில் அகப்படுகிறது.

இப்போது மணிக்கட்டில் உள்ளங்கையை ஒட்டியுள்ள மடிப்புக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து உள்ளங்கைக்குள் செல்லும் பகுதியில், கீழே வளைவாக அமைந்த சிறு எலும்புகளுக்கும் மேலே போர்த்திய ஓர் உறுதியான நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பல் டனல். நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டாக எட்டு நாண்கள், கட்டைவிரலுக்கு ஒன்று, ஆக ஒன்பது நாண்களும் மீடியன் நரம்பும் இதன் வழியாகவே கைக்குள் நுழைகின்றன. எலும்பும் நார்ப்பட்டையும் விரிந்து கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே சிறிது வீக்கம் வந்தாலும் நெருக்குதலைத் தாங்க வேண்டியது நரம்புதான். கர்ப்ப காலத்திலும், தைராய்டு குறைபாடு, நீரிழிவு உள்ளவர்களிடமும், மணிக்கட்டை மடக்கி நெடுநேரம் விசையுடன் உழைப்பவர்களிடமும் இந்த நெருக்கம் தோன்றுவதுண்டு. நாள்தோறும் குவியல் குவியலாக மாவு பிசையும் நம்மூர் பரோட்டா மாஸ்டர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எந்த விரல் மரக்கிறது என்பதை வைத்தே எந்த நரம்பு என்று ஊகிக்கலாம். மோதிர விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் நுனி முதல் அடிவரை நடுக்கோடு ஒன்று வரையுங்கள். கோட்டுக்குக் கட்டைவிரல் பக்கமுள்ள மூன்றரை விரல்களின் உணர்ச்சி மீடியன் நரம்புக்கும், சுண்டுவிரல் பக்கமுள்ள ஒன்றரை விரலின் உணர்ச்சி அல்னார் நரம்புக்கும் உரியவை. இரவில் முதல் மூன்று விரல்கள் மரத்துப்போய், கையை உதறினால் சரியாவது மணிக்கட்டுச் சுரங்கத்தின் நெருக்கத்தைக் காட்டும் பழகிய அறிகுறியாகும். முழங்கை கதவில் இடித்தால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்வது அல்னார் நரம்பு.

படி 4: எட்டுச் சிறு எலும்புகள்

எல்லாவற்றையும் தொட முடியாது; இரண்டைத் தொட்டால் தொடக்கநிலையில் போதும். மணிக்கட்டு மடிப்பின் சுண்டுவிரல் பக்க முனையில், கையைத் தளர்த்தி அழுத்தினால், பட்டாணி அளவில் ஓர் எலும்பு பக்கவாட்டில் நகர்ந்து கொடுக்கும். அது பிசிஃபார்ம். அடுத்து, கட்டைவிரலைப் பின்னோக்கி நன்றாக விரியுங்கள். அதன் அடியில் இரண்டு நாண்கள் எழும்பி, நடுவே ஒரு முக்கோணக் குழி தோன்றும். முற்காலத்தில் மூக்குப்பொடியைக் கொட்டி உறிஞ்சிய குழி இதுதான். அதன் அடித்தளத்தில் இருப்பது ஸ்கேஃபாய்ட்.

கை ஊன்றி விழுந்தவருக்கு இந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரேயில் முறிவு தெரியாவிட்டாலும் அலட்சியம் கூடாது. ஸ்கேஃபாய்டுக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைந்து பின்னோக்கிச் செல்வதால், இடையில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றி நலிந்துபோகக்கூடும். முதல் எக்ஸ்ரேயில் மறைந்திருக்கும் முறிவு பத்து, பதினான்கு நாள் கழித்து எடுக்கும் படத்தில் வெளிப்படுவதுண்டு. அதுவரை மருத்துவர் கட்டுப்போட்டு வைக்கச் சொன்னால் அதற்குக் காரணம் இதுவே. 'சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போய்விடும்' என்ற அறிவுரைக்கு இந்த இடத்தில் செவிசாய்க்க வேண்டாம்.

மற்றவற்றின் பெயர்களை ஒருமுறை படித்துவைத்தால் போதும். முன்கையை ஒட்டிய வரிசையில், கட்டைவிரல் பக்கமிருந்து, ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்குவெட்ரம், பிசிஃபார்ம். விரல்களை ஒட்டிய வரிசையில் ட்ரபீசியம், ட்ரபீசாய்டு, கேப்பிடேட், ஹேமேட். பிறந்த குழந்தையின் எக்ஸ்ரேயில் இவற்றில் ஒன்றும் தெரியாது, ஏனெனில் அப்போது எட்டும் குருத்தெலும்பாகவே இருக்கும். கேப்பிடேட்டும் ஹேமேட்டும் முதலில் எலும்பாகின்றன. பிசிஃபார்ம் பெரும்பாலும் ஒன்பது வயதுக்குப் பிறகே. கை எக்ஸ்ரேயை வைத்துச் சிறுவரின் எலும்பு வயதைக் கணிப்பதில் இந்த ஒழுங்கும் உதவுகிறது.

படி 5: விரல் எங்கே தொடங்குகிறது?

நூலின் ஒரு முனையை நடுவிரல் நுனியில் வைத்து, உள்ளங்கைப் பக்கம் விரலடி மடிப்புவரை அளந்து குறியுங்கள். பிறகு கையை மூடி, புறங்கைப் பக்கம் நுனியிலிருந்து புடைத்து நிற்கும் முட்டிவரை அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு தெளிவாகவே நீளமாக இருக்கும். விரல் எலும்பு உண்மையில் முட்டியில்தான் தொடங்குகிறது. உள்ளங்கைப் பக்கம் தோலும் சதையும் அதன் அடிப்பகுதியை மூடியிருக்கின்றன. முட்டிக்குப் பின்னே உள்ளங்கைக்குள் ஐந்து நீண்ட எலும்புகள். முட்டிக்கு முன்னே கட்டைவிரலில் இரண்டும் மற்ற நான்கில் மும்மூன்றுமாகப் பதினான்கு. மணிக்கட்டின் எட்டையும் சேர்த்தால் ஒரு கையில் 27 எலும்புகள்.

படி 6: மோதிர விரலின் அடங்காமை

கையை மேசைமீது கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, அதன் நடுக்கணு மேசையில் படும்படி வையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் ஆகியவை எளிதாக மேலெழும்; மோதிர விரல் எழாது. நிமிர்த்தும் தசை ஒன்றிலிருந்தே நான்கு விரல்களுக்கும் நாண்கள் பிரிகின்றன, அவை புறங்கையில் குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்கின்றன. நடுவிரல் மடங்கியிருக்கும்போது மோதிர விரலின் நாணும் முன்னோக்கி இழுபட்டுவிடுகிறது. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நிமிர்த்துவதற்கென்று தனித்தனித் தசைகள் கூடுதலாக இருப்பதால் அவை தப்பிக்கின்றன.

மடக்கும் நாண்களையும் பிரித்தறியலாம். உள்ளங்கையை மேலே வைத்து, மோதிர விரல் தவிர மற்ற மூன்றையும் மறு கையால் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மோதிர விரலை மடக்குங்கள். அது நடுக்கணுவில் மட்டும் மடங்கும், நுனிக்கணு துவண்டு கிடக்கும். நடுக்கணுவை மடக்குவது மேலடுக்குத் தசை. நுனிவரை செல்வது ஆழ்ந்த தசை. ஆழ்ந்த தசை விரல்களுக்குப் பெரிதும் பொதுவானது என்பதால், மற்ற விரல்களைப் பிடித்து வைத்தவுடன் செயலற்றுவிடுகிறது. சுண்டுவிரலில் இச்சோதனை பலருக்குச் சரியாக வராது, அது இயல்பே.

தெருவில் கிரிக்கெட் ஆடும்போது பந்து விரல்நுனியில் பட்டு நுனிக்கணு நிமிராமல் தொங்கினால், அறுந்திருப்பது நிமிர்த்தும் நாணின் கடைசி முனை. நுனியை நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் சிம்பு கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். இடையில் ஒருமுறை மடங்கினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

படி 7: கைக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகள்

விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருவதும் முன்கையால் மட்டும் ஆகாது. கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு பக்கவாட்டில் அழுத்துங்கள். இரண்டுக்கும் இடையே புறங்கையில் ஒரு சதை திரளும். விரலிடைத் தசைகளில் பெரியது அதுவே, அதை இயக்குவது அல்னார் நரம்பு. மல்லிகைச் சரம் தொடுப்பவரின் கையைக் கவனித்தால், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்திருக்க, இச்சிறு தசைகள் ஓயாமல் வேலை செய்வது தெரியும். 1956-இல் பிரிட்டிஷ் உடற்கூறியல் அறிஞர் ஜான் நேப்பியர் இவ்வகைப் பிடியை நுண்பிடி என்றும், மண்வெட்டிக் காம்பைப் பிடிப்பதுபோல உள்ளங்கை முழுவதும் ஈடுபடுவதை வல்பிடி என்றும் பிரித்துக் காட்டினார்.

படி 8: வளையல்

வளையலை எடுத்து, விரல்களை நேராக விரித்துவைத்தபடி அணிய முயலுங்கள். முட்டிகளின் வரிசையிலும் கட்டைவிரலின் அடியிலும் தடைபடும். கையிலேயே அகலமான இடம் அதுதான். ஆகவே 2-4, 2-6 என்று கடைக்காரர் சொல்லும் அளவு, அதாவது 2 அங்குலமும் பதினாறில் நான்கு அல்லது ஆறு பங்கும் கொண்ட உள்விட்டம், மணிக்கட்டின் பருமனைவிட இந்த இடத்தின் அகலத்தைப் பொறுத்தே அமைகிறது. இப்போது கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடியை நோக்கி மடக்கி, உள்ளங்கையைக் குவித்து மீண்டும் முயலுங்கள். கட்டைவிரலின் அடியில், ட்ரபீசியத்தின்மேல் சேண வடிவில் அமைந்த மூட்டு அதை உள்ளங்கைக்குக் குறுக்கே வரவிடுகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகளும் தம் அடியில் அசைந்து முன்னே இறங்குகின்றன. ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் எலும்புகள் அசையாமல் நிற்கின்றன. ஒவ்வொரு முட்டியையும் பிடித்து அசைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே விளங்கும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வளையல் போட்டுவிடுபவர் கட்டைவிரலின் அடியை உள்நோக்கி அழுத்துவது இந்த மூட்டுகளைத்தான்.

குறித்த கோடுகளையும் புள்ளிகளையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடலாம்.