மீனின் வாயில் சாக்கடை

போன மாதம் ஓர் இளைஞர் குழு, தங்கள் கால்வாய்ச் சுவரில் வரையப்போகிற படத்தின் மாதிரியை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார்கள். தாமரை, தட்டான், துள்ளும் மீன், மூலையில் இரண்டு கைகள் ஏந்திய பூமி உருண்டை. அழகாகத்தான் இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்த அதே படம்!

சுற்றுச்சூழல் பிரச்சாரத்தில் கலையைச் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு, மைக்கைச் சரிபாருங்கள், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று யோசியுங்கள் என்றெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிகழ்ச்சி சொதப்பினால் தானாகத் தெரிந்துவிடும். நிகழ்ச்சி நன்றாக நடந்ததாலேயே கண்ணில் படாமல் போகிற தவறுகள்தான் ஆபத்து.

பிரச்சினைக்கே அலங்காரம் செய்வது

எனக்கு இன்னும் ஆறாதது இது.

எங்கள் கால்வாய்ச் சுவரில் ஒரு குழாய் துருத்திக்கொண்டிருக்கும். முழ அகல வாய். அதிலிருந்து சாம்பல் நிறத்தில், நுரையோடு கழிவுநீர் கொட்டும். அதை நிறுத்தச் சொல்லித்தான் பிரச்சாரமே. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், நாற்பது பேர், சுவர் முழுக்க வண்ணம். குழாய் மட்டும் படத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. யாருக்கோ ஒரு யோசனை தோன்றியது. யாருக்கோ என்ன, எனக்குத்தான். குழாயைச் சுற்றி ஒரு மீன் வரைந்தால் குழாயின் வாய் மீனுக்கு வாயாகிவிடும் இல்லையா? ஆரஞ்சு உடம்பு, நீலச் செதில் என்று வரைந்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். மீனின் வாயிலிருந்து சாக்கடை கொட்டிக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டி மட்டும் வந்து பார்த்துவிட்டு, “மீனு நல்லாத்தான் இருக்கு தம்பி. நாத்தம் எப்ப போகும்?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டு பிரஷ்ஷைக் கழுவினேன். அதே கால்வாயில்.

சில மாதங்கள் கழித்து, அந்தக் கழிவுநீருக்குப் பொறுப்பான அலுவலகத்தின் ஆண்டறிக்கை வெளிவந்தது. உள்ளே வழவழ தாளில் எங்கள் மீன். பக்கத்தில் வரிசையாக அதிகாரிகள். கீழே, மேம்படுத்தப்பட்ட கால்வாய்க் கரை என்று ஒரு வரி. அடுத்த முறை மனுவோடு போனபோது, “அதான் நல்லா பண்ணியாச்சே சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தெருக்காரர்களும் புகார் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தைப் பற்றி எத்தனை தடவை புகார் சொல்வது? மறுபடி ஆட்களைத் திரட்ட எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. காசு கொடுத்துத் தேடினாலும் அந்த அலுவலகத்துக்கு இப்படியொரு விளம்பரம் கிடைத்திருக்காது. நாங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தோம்.

இன்றைக்கு அதே சுவர் கிடைத்தால் குழாயைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் போடுவேன், அவ்வளவுதான். பக்கத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள், வாரத்துக்கு ஒன்று. அந்த வாரம் என்ன நிறத்தில் தண்ணீர் வந்ததோ அதே நிறத்தைத் தெருவில் ஒருவர் கட்டத்தில் பூசித் தேதி போட வேண்டும். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எந்த அதிகாரிக்கும் மனசு வராது.

ஜெர்மனியின் காசல் நகரில் யோசப் பாய்ஸ் என்ற கலைஞர் செய்ததை அப்போதே படித்திருக்கலாம். 1982இல், 7000 ஓக் மரங்கள் என்ற திட்டத்துக்காக, அருங்காட்சியகத்துக்கு முன்னால் 7000 கருங்கற்களைக் கொண்டுவந்து குவித்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல் குவியலை விட்டுப் போய் அந்த மரத்தடியில் நிற்கும். குவியல் கண்ணை உறுத்திக்கொண்டே கிடக்கும். கரைய வேண்டுமானால் மரம் நட்டாக வேண்டும். பாய்ஸ் 1986இல் இறந்துபோனார். கடைசி மரத்தை 1987இல் நட்டார்கள். படம் போடுவதற்கு முன்னால் அந்தக் கற்குவியலை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்: வேலை பாக்கி இருப்பது உங்கள் படத்தில் தெரிகிறதா?

வில்லன் திருந்துகிற நாடகம்

குப்பை கொட்டுகிறவன் கடைசிக் காட்சியில் கதறி அழுவான். கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். நானும் இப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன்.

பிரேசில்காரரான அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஃபோரம் தியேட்டரில் நாடகம் தோல்வியில்தான் முடியும். பிறகு அதையே மறுபடி ஆடுவார்கள். பார்க்கிறவர்களில் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி, நடிகரை விலக்கிவிட்டுத் தானே ஆடிக் காட்டலாம். நாங்கள் முயன்றபோது, பேராசைக்கார முதலாளியைத் திருத்துவதற்கு வழி கேட்டோம். ஓர் அம்மா எழுந்து, “முதலாளிய நாங்க பார்த்ததே இல்ல. லாரி ஓட்டிட்டு வர்றது எங்க வீட்டுப் பையன். அவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு ஆடிக் காட்டுங்க” என்றார். என் வசனம் முழுக்கக் குப்பைக்குப் போனது. உருப்படியாக நடந்த முதல் நாடகம் அன்றைக்குத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு ஊரைக் கூப்பிடுவது

படத்தின் கோடுகளை நீங்கள் போட்டுவிட்டு, வண்ணம் நிரப்ப மட்டும் ஊர்க்காரர்களை அழைத்தால் அவர்கள் சம்பளமில்லாத வேலையாட்கள். இங்கிலாந்தில் காமன் கிரவுண்ட் அமைப்பு 1980களில் தொடங்கிவைத்த பாரிஷ் (ஊர் வட்டாரம்) வரைபடங்களில், தங்கள் இடத்தில் எது முக்கியம் என்று முடிவு செய்ததே அங்கே குடியிருந்தவர்கள்தான். கோடு கோணலாகத்தான் வரும். வரட்டும்.

ஃபிளெக்ஸ், தெர்மாகோல், ஜிகினா

வேண்டாம். ஜிகினாவும் பொடியாக்கிய பிளாஸ்டிக்தான்.

ஓவியருக்குக் கூலி

கொடுங்கள். சேவை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

சுவர்க்காரரின் அனுமதி

எழுத்தில் வாங்குங்கள். படத்தை யாராவது அறிக்கையில் போடுவதானால் குழாயையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும்.