அடுத்த பத்து ஆண்டுகளுக்குச் சபை இலக்கு வகுப்பது எப்படி? சென்னை லுத்தரன் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

தொலைநோக்குத் திட்டம் என்று சபைச் சங்கத்தில் (சபையின் நிர்வாகக் குழுவில்) பேச்செடுத்தவுடன், புதிய கோபுரம், குளிர்சாதன வசதி, வளாகத்தில் ஒரு திருமண மண்டபம் என்று பேச்சு கட்டடத்தின் பக்கம் போய்விடுவது சென்னையில் பல சபைகளுக்குப் பழகிப்போன ஒன்று. ஆலயத்தைச் செப்பனிடுவதும் விரிவாக்குவதும் தேவையான வேலைகளே. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆலயத்தில் யார் அமர்ந்திருப்பார்கள், அவர்கள் எங்கிருந்து வருவார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு யார் போதிப்பார்கள் என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் எழுதப்படும் திட்டம் வெறும் கட்டுமானச் செலவுக் கணக்காகவே முடிந்துவிடும். சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து ஆகிய திருச்சடங்குகள்) முறையாக நிறைவேற்றப்படும் பரிசுத்தவான்களின் கூட்டமே திருச்சபை என்று லுத்தரன் சபைகளின் அடிப்படைக் கொள்கை அறிக்கையான, 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் ஏழாம் பிரிவில் கூறுகிறது. ஆகவே முன்வைக்கப்படும் ஒவ்வோர் இலக்கையும், போதனைக்கும் திருவிருந்துக்கும் அவற்றைச் சூழ்ந்து கூடும் மக்களுக்கும் அது எவ்வாறு உதவும் என்று கேட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

இலக்கை எழுதுவதற்கு முன் சபையின் உண்மை நிலையைப் பார்க்க வேண்டும் என்பதில் நமக்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1520-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளை நேரில் பார்வையிட்ட, லுத்தரன் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர், சாதாரண மக்கள் மட்டுமல்லாமல் போதகர்கள் பலரும்கூட விசுவாசத்தின் அடிப்படைகளை அறியாதிருப்பதைக் கண்டு மிகவும் வருந்தினார். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகக் கற்பிக்க 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் முன்னுரை, தாம் கண்ட அந்தப் பரிதாப நிலையைச் சொல்லியே தொடங்குகிறது.

பதிவேடுகளும் வீடு சந்திப்பும்

முதல் வேலையாக, கடந்த இருபது ஆண்டுகளின் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிடும் சடங்கு), திருமணம், அடக்கம் ஆகிய நான்கு பதிவேடுகளையும் எடுத்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, எண்ணிக்கைகளை ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் முகவரியையும் பாருங்கள். பெங்களூரிலோ வளைகுடா நாடுகளிலோ குடியிருக்கும் பிள்ளைகள், தங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்காகத் தாய்ச்சபைக்கு வந்து, அடுத்த வாரமே திரும்பிவிடுகிறார்கள். அது மகிழ்ச்சிக்குரியதே, ஆயினும் அந்தப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டு சபை வளர்கிறது என்று எண்ணினால், ஓய்வுநாள் பள்ளியில் (ஞாயிறு வேதபாட வகுப்பில்) பிள்ளைகள் குறைவது ஏன் என்று நமக்குப் புரியாமலே போகும். திடப்படுத்தல் பெற்றவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் திருவிருந்துக்கு வருகிறார்கள் என்பதைப் பெயர் பெயராகக் குறியுங்கள். எந்தச் சபைக்கும் இந்தப் பட்டியல்தான் மிகவும் கனமானது.

சந்தாப் புத்தகத்தில் உள்ள முகவரிகள் பழையனவாக இருக்கக்கூடும். டிசம்பர் இரவுகளில் கேரல் குழுவினர் வீடு வீடாகச் செல்லும் பாதைப் பட்டியலே பெரும்பாலும் சரியான வரைபடமாக இருக்கும், ஏனெனில் யார் புரசைவாக்கத்திலிருந்து ஆவடிக்குப் போனார்கள், யார் அயனாவரம் வீட்டை விற்றுத் தாம்பரத்தில் குடியேறினார்கள் என்பது அந்த வாலிபர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலை அவர்களிடமிருந்தே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வீடு சந்திப்பு. மே மாதத்தில் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் எவருக்கும் நேரம் இராது. லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) வீட்டு ஜெபக்கூட்டங்கள் எப்படியும் நடப்பதால், அவற்றோடு இதை இணைத்துக்கொள்வதே எளிது. ஆயருடன் (சபையின் போதகருடன்) சங்க உறுப்பினர் ஒருவர், பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர், இளைஞர் ஒருவர் என நால்வர் சென்றால் போதும். சபை உங்களுக்கு எப்போது துணையாக இருந்தது, எப்போது இல்லாமல் போயிற்று, உங்கள் பிள்ளைகள் இந்தச் சபையில் தொடர்வார்கள் என்று நினைக்கிறீர்களா ஆகிய மூன்று கேள்விகளைக் கேட்டு, பதில்களைக் குடும்பத்தார் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பதிலுக்குப் பதில் பேசி நியாயப்படுத்த வேண்டாம். ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் வீடுகளுக்குக் கட்டாயம் செல்லுங்கள். சந்திப்புக் குழுவினருக்கு ஒருநாள் பயிற்சி தேவையெனில், கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாதி, சொந்த ஊர், உறவுமுறை என்று அணிகள் பிரியும் சபைகளில், சங்கத் தேர்தல் நெருங்கும் காலத்தில் இப்பணியைத் தொடங்கினால் அது ஓர் அணியின் வேலையாகவே பார்க்கப்படும். தேர்தல் முடிந்த முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். தோற்ற தரப்பினரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கை எழுதும் விதம்

“வாலிபர் ஊழியத்தைப் பலப்படுத்துவோம்” என்பது நல்ல விருப்பம். ஆனால் நிறைவேறியதா இல்லையா என்று எவரும் சொல்ல முடியாது. அதையே இவ்வாறு எழுதிப் பாருங்கள்: “திடப்படுத்தல் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து ஆண்டுகளுக்குச் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் துணையாக நியமிக்கப்படுவார். அந்தப் பிள்ளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு ஊருக்குச் சென்றால், அங்குள்ள சபைக்கு மூன்று மாதங்களுக்குள் ஆயர் அறிமுகக் கடிதம் அனுப்புவார். இந்தப் பட்டியலை ஓய்வுநாள் பள்ளி மேற்பார்வையாளர் பராமரித்து, ஆண்டுதோறும் சபைக் கூட்டத்தில் வாசிப்பார்.” யார், எதை, எப்போது செய்வார், யாரிடம் கணக்குச் சொல்வார் என்பவை அனைத்தும் இதில் இருக்கின்றன. இத்தகைய இலக்குகள் நான்கோ ஐந்தோ போதும். இருபது இலக்குகளைச் சுமக்கும் ஆள்பலம் எந்தச் சபைக்கும் இல்லை.

புறநகருக்குப் போன குடும்பங்களைப் பற்றி ஓர் இலக்கு அவசியம் இருக்க வேண்டும். அவர்கள் ஞாயிறு காலையில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருவார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பது, வயது கூடக்கூட நடவாத காரியம். உடனே நிலம் வாங்கிக் கிளை ஆலயம் கட்டத் துடிப்பதைவிட, ஆவடி, பூவிருந்தவல்லி போன்ற பகுதிகளில் மாதத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டில் திருவிருந்து ஆராதனை நடத்தி, இரண்டு மூன்று ஆண்டுகள் வருகையைப் பார்த்த பின்னர் முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து.

கால எல்லை வகுக்கச் சில ஆண்டுகள் இயல்பாகவே கைகொடுக்கின்றன. ஜெர்மன் மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே 1728-இல் சென்னையில் தொடங்கிய லுத்தரன் பணிக்கு 2028-இல் 300 ஆண்டுகள் நிறைகின்றன. சிறிய ஞானோபதேசத்துக்கு 2029-இலும், ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கு 2030 ஜூன் 25-இலும் 500 ஆண்டுகள் ஆகின்றன. நினைவு மலரும் கல்வெட்டும் மட்டும் போதாது. எல்லாக் குடும்பங்களிலும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஞானோபதேசத்தை ஒருமுறையாவது முழுமையாகப் படித்து முடிப்பதை 2029-க்கான இலக்காக வைக்கலாம்.

பணமும் சொத்தும்

1523-இல் சாக்சனியின் லைஸ்னிக் நகரச் சபையார் பொதுப் பெட்டி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதற்கு நான்கு வெவ்வேறு பூட்டுகளைப் போட்டு, பிரபுக்கள், நகர மன்றத்தினர், நகரத்தார், கிராமத்து உழவர்கள் ஆகிய நான்கு தரப்பினரிடமும் ஒவ்வொரு சாவியைக் கொடுத்தனர். அந்த ஒழுங்குக்கு லுத்தரே முன்னுரை எழுதினார். ஒரு தரப்பார் மட்டும் திறக்க முடியாதபடி நிதியை வைப்பது நம் பழைய வழக்கம் என்பதை நினைவில் கொண்டு, நீண்டகால நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும் குறைந்தது மூவர் கையெழுத்தும் ஏற்படுத்துங்கள். அறுப்பின் பண்டிகையில் (விளைபொருள்களை நன்றிக் காணிக்கையாகப் படைக்கும் பண்டிகை) நடக்கும் ஏலத்தில் கிடைக்கும் தொகையை வழக்கமான செலவுக்கே கரைத்துவிடாமல், அதில் ஒரு பங்கை இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் காணிக்கையில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டவர், நம் சபையில் பிறந்து வளர்ந்தவராகவே இருந்தாலும், அவர் அனுப்பும் பணத்தைப் பெறுவதற்கு உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

கட்டட இலக்கு ஏதேனும் இருந்தால், முதலில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். நிலம் தலைமைத் திருச்சபையின் பெயரில் இருக்குமானால், அதன் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வரைபடம் போடுவதே வீண் செலவு. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நகரில், பதிவேடுகள் தரைத்தள அலமாரியில் இருக்கக் கூடாது. அவற்றை மேல்தளத்துக்கு மாற்றி, ஸ்கேன் செய்து பிரதிகளை வேறோர் இடத்திலும் வைப்பதை முதலாண்டு வேலையாகவே முடித்துவிடுங்கள். கல்லறைத் தோட்ட இட நெருக்கடியையும் தள்ளிப்போடாமல், குடும்பக் கல்லறைகளை மீண்டும் பயன்படுத்துவது பற்றிச் சபையாரோடு இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.

ஆயருக்கு மாற்றல் வரும், சங்கத்தின் பதவிக்காலமும் முடியும். ஆகையால் இறுதி வடிவத்தைச் சங்கத்தில் மட்டும் நிறைவேற்றாமல், ஆராதனையில் இரண்டு ஞாயிறுகள் முன்னறிவித்துப் பொதுச் சபைக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெற்று, நடவடிக்கைப் புத்தகத்தில் முழுமையாக எழுதிக் கையொப்பமிடுங்கள். புதிய ஆயர் பொறுப்பேற்கும்போது சாவிகளோடும் பதிவேடுகளோடும் இதன் பிரதியையும் ஒப்படைத்து, புதிய சங்கத்தின் முதல் கூட்டத்தில் வாசித்து, எந்த இலக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று பழைய செயலாளர் நேரில் விளக்கும்படி தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.