எல்லை அருகே போர் விமானங்கள்: அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது

"அலாஸ்காவை நெருங்கிய ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள்", "தைவானுக்குள் நுழைந்த சீனப் போர் விமானங்கள்" என்று ஒரு தலைப்பு வந்தால் போதும், அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் போர் வந்துவிட்டது என்ற ஃபார்வர்டுகள் சுற்ற ஆரம்பித்துவிடும். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய பகுதி நிச்சயம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தலைப்பில் இருக்காது, செய்தியின் ஏழாவது எட்டாவது வரியில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தைத் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு நாட்டின் வான்வெளி என்பது அதன் நிலப்பரப்புக்கு மேலும், கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரை, கடலுக்கு மேலும் இருப்பது. 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின்படி அதற்குள் வேறு நாட்டு ராணுவ விமானம் அனுமதியில்லாமல் வரக் கூடாது. இதற்கு வெளியே இன்னொரு கோடு இருக்கிறது, குழப்பமெல்லாம் அங்கேதான் வருகிறது: வான் பாதுகாப்பு அடையாள மண்டலம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1950இல் அமெரிக்கா இதைத் தொடங்கியது. நம்மை நோக்கி வரும் விமானம் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக, கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிக்கூட ஒரு நாடு தானாகவே இப்படி ஒரு எல்லையைப் போட்டுக்கொள்ளலாம், அதற்கென்று எந்தச் சர்வதேச ஒப்பந்தமும் கிடையாது. வீட்டு மதில் சுவரும் தெருமுனையும் ஒன்றில்லை அல்லவா, அந்த அளவு வித்தியாசம். தைவானின் மண்டலம் சீனாவின் ஃபுஜியான், ஜெஜியாங் மாகாணங்களின் மேலேயே படர்ந்து கிடக்கிறது, அதனால் "மண்டலத்துக்குள் சீன விமானம்" என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. 2013 நவம்பர் 23 அன்று சீனா கிழக்குச் சீனக் கடலில் தன் மண்டலத்தை அறிவித்தபோது, ஜப்பானின் கட்டுப்பாட்டில் இருக்கும் சென்காகு தீவுகளையும் அதற்குள் சேர்த்துப் போட்டது. சில நாட்களிலேயே அமெரிக்கா, சீனாவுக்குத் தகவல் சொல்லாமல், ஆயுதம் ஏற்றாத இரண்டு பி-52 குண்டுவீச்சு விமானங்களைக் குவாமிலிருந்து அந்த மண்டலத்தின் வழியாகவே பறக்கவிட்டது.

இப்போது மூன்று சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 ஜூலை 24 அன்று இரண்டு ரஷ்ய டியு-95 குண்டுவீச்சு விமானங்களும் இரண்டு சீன எச்-6 குண்டுவீச்சு விமானங்களும் சேர்ந்து அலாஸ்கா மண்டலத்துக்குள் பறந்தன, அமெரிக்க, கனடியப் போர் விமானங்கள் போய் எதிர்கொண்டன, ஆனால் அவை கடைசி வரை சர்வதேச வான்வெளியிலேயே இருந்தன. அடுத்த மாதம் 26ஆம் தேதி சீனாவின் ஒய்-9 உளவு விமானம் ஒன்று நாகசாகி மாவட்டத்தின் டான்ஜோ தீவுகளுக்கு அருகே ஜப்பானின் வான்வெளிக்குள்ளேயே சுமார் இரண்டு நிமிடம் இருந்தது. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் பின்லாந்து வளைகுடாவில் வைண்ட்லோ தீவுக்கு அருகே 12 நிமிடம் தன் வான்வெளிக்குள் இருந்ததாக எஸ்தோனியா சொன்னது, ரஷ்யா மறுத்தது. அலாஸ்கா சம்பவம் வான்வெளிக்கு வெளியே நடந்தது. சட்டப்படி கனமானவை மற்ற இரண்டும்.

சில இடங்களில் அது யாருடைய வான்வெளி என்பதே சண்டை. 2019 ஜூலை 23 அன்று, தென்கொரியாவின் கட்டுப்பாட்டில் இருக்கும் டோக்டோ தீவுகளுக்கு மேல் ரஷ்யாவின் ஏ-50 ரேடார் விமானம் நுழைந்ததாகச் சொல்லி தென்கொரிய விமானங்கள் ஏறத்தாழ 360 எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டன. அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரும் ஜப்பான், ரஷ்யாவைக் கண்டித்ததோடு, எங்கள் வான்வெளியில் நீங்கள் எப்படிச் சுடலாம் என்று தென்கொரியாவையும் கண்டித்தது. ரஷ்யாவோ நுழையவே இல்லை என்றது. இந்த மாதிரிச் செய்தியை ஒரு நாட்டு ஊடகத்தில் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

அடுத்து காலண்டரைப் பாருங்கள். என் கணிப்பில், எங்கே என்ற கேள்விக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்வது எப்போது என்பதுதான். 2022 மே 24 அன்று டோக்கியோவில் அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் சேர்ந்த குவாட் கூட்டமைப்பின் மாநாடு, அந்நாட்டுத் தலைவர்கள் பைடன், மோடி, அல்பனீசி, கிஷிடா நால்வரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அதே நாளில் ரஷ்ய, சீனக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானைச் சுற்றிக் கூட்டு ரோந்து போயின. 2016 ஜனவரி 6 அன்று வடகொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது, நாலு நாளில் ஒரு அமெரிக்க பி-52 தென்கொரியாவின் ஓசான் தளத்துக்கு மேல் தாழப் பறந்தது. 2024 அக்டோபர் 10 தேசிய தின விழாவில் தைவான் அதிபர் லாய் பேசினார், 14ஆம் தேதி சீனா பெரிய அளவில் பயிற்சியைத் தொடங்கியது. ஆக, ரோந்துச் செய்தி வந்ததும் அதற்கு முந்தைய பத்து நாட்களில் என்ன நடந்தது என்று தேடுங்கள்: ஆயுத விற்பனை, தலைவர் பயணம், மாநாடு, தேர்தல். பதில் அங்கே கிடைத்துவிட்டால் அந்த விமானங்கள் யாருக்குச் சேதி சொல்லப் போயின என்பதும் தெரிந்துவிடும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் அது வழக்கமான ரோந்தாக இருக்கலாம், அப்படியும் நிறைய நடக்கிறது. சோவியத் சிதறிய பிறகு 1992இல் நிறுத்திய தொலைதூர ரோந்துகளை 2007 ஆகஸ்ட் 17 அன்று புடின் மறுபடியும் தொடங்கிவைத்தார், அன்றிலிருந்து அது ரஷ்ய விமானப்படையின் அன்றாட வேலைகளில் ஒன்று.

மூன்றாவது, என்ன விமானம் என்று பாருங்கள். டியு-95 முதன்முதலில் பறந்தது 1952இல். நான்கு என்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை புரொப்பல்லர்கள், பயங்கரச் சத்தம், ரேடாரில் மலை போலத் தெரியும். நிஜமாகவே தாக்க நினைத்தால் அது இவ்வளவு பக்கத்தில் வரவே வேண்டாம், அது சுமக்கும் குரூஸ் ஏவுகணைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியவை. பக்கத்தில் வருவதே கண்ணில் படுவதற்காகத்தான். சீனாவின் ஒய்-9, ரஷ்யாவின் ஐஎல்-20, அமெரிக்காவின் ஆர்சி-135 போன்ற உளவு விமானங்கள் வந்தால் கதை வேறு, அவை வருவது காது கொடுத்துக் கேட்க. எதிர்த் தரப்பு எந்த ரேடாரை எப்போது இயக்குகிறது, எந்த அலைவரிசையில் பேசுகிறது, போர் விமானம் எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தகவல். அப்புறம், குண்டுவீச்சு விமானத்தோடு துணைப் போர் விமானங்கள், ரேடார் விமானம், எரிபொருள் நிரப்பும் டேங்கர் எல்லாம் சேர்ந்து வந்தால் அதைக் கவனியுங்கள். ஒற்றை விமானம் கொடி காட்டிவிட்டுப் போகும், முழு அணியாக வந்தால் நிஜப் போரில் செய்யப்போவதை அங்கே ஒத்திகை பார்க்கிறார்கள் என்று பொருள்.

எண்ணிக்கையில் ரொம்பவே ஜாக்கிரதையாக இருங்கள். 2020 செப்டம்பரிலிருந்து தைவான் பாதுகாப்பு அமைச்சகம் விமானங்களைப் பற்றித் தினமும் அறிக்கை விடுகிறது, இப்போதெல்லாம் அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, தீவைச் சுற்றித் தென்பட்ட மொத்த விமானங்கள். இன்னொன்று, சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டியோ மண்டலத்துக்குள்ளோ வந்தவை. 2024 அக்டோபர் 14 பயிற்சியில் மொத்தம் 153, இரண்டாவது வகை 111. பெரிய எண்ணைத் தூக்கித் தலைப்பில் போட்டுவிட்டு அத்தனையும் "உள்ளே நுழைந்தன" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டில் எதுவுமே அந்த 22 கிலோமீட்டர் வான்வெளிக் கணக்கு இல்லை. ஒரு நாள் எண்ணைத் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள், முந்தைய சில வாரங்களோடு ஒப்பிடுங்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி தைவானுக்கு வந்துபோவதற்கு முன்பு நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம், அதற்குப் பிறகு அது வாடிக்கை ஆகிவிட்டது. 153 என்ற எண்ணைவிட இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது, ஆனால் எந்த ஒரு நாளிலும் இது தலைப்பாகாது, ஏனென்றால் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

இந்த ரோந்துகளின் நிஜ விளைவும் அப்படித்தான், மெதுவாகச் சேர்வது. வருபவர் ஒவ்வொரு முறை வரும்போதும் இருப்பவர் விமானத்தைக் கிளப்பியாக வேண்டும், பைலட்டுக்குத் தூக்கம் போகிறது, என்ஜின் தேய்கிறது, உதிரிபாகச் செலவு ஏறுகிறது. ஜப்பான் 2016 நிதியாண்டில் 1,168 முறை போர் விமானங்களை அவசரமாகக் கிளப்பியது, அதில் 851 முறை சீன விமானங்களுக்காக. தைவான் 2021 மார்ச்சில், இனி ஒவ்வொரு முறையும் விமானம் அனுப்ப மாட்டோம், ஏவுகணை அமைப்புகளின் ரேடார் வழியாகவும் கண்காணிப்போம் என்று சொல்லிவிட்டது. ஒரு குண்டுகூடப் போடாமல் அடுத்தவரின் விமானப்படையைக் களைப்படையச் செய்யலாம் என்பதை நாம் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

சரி, பயப்பட வேண்டிய இடம் எது என்றால், இரண்டு விமானங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் இருந்தது என்பதுதான். செய்தியில் "பாதுகாப்பான முறையில்" என்று இருக்கிறதா, "ஆபத்தான முறையில்" என்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க இபி-3 உளவு விமானத்தோடு சீனப் போர் விமானம் மோதியது, சீன பைலட் வாங் வெய் இறந்தார், ஹைனானில் தரையிறங்கிய 24 அமெரிக்கர்கள் 11 நாட்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். 2022 செப்டம்பரில் கருங்கடலுக்கு மேல் பிரிட்டனின் உளவு விமானத்துக்கு அருகே ரஷ்ய சு-27 ஒன்றிலிருந்து ஏவுகணையே வெளியேறியது. 2023 மார்ச்சில் அதே கடலில் ஒரு சு-27 உரசியதில் அமெரிக்க ஆளில்லா விமானத்தின் புரொப்பல்லர் சேதமாகி அது கடலில் விழுந்தது. இவற்றில் எதிலும் யாரும் போரைத் தொடங்க நினைக்கவில்லை, ஆனாலும் ஒரு பைலட் இளமையில் செத்துப்போனார், இன்னொரு விமானத்தில் இருந்தவர்கள் மயிரிழையில் தப்பினார்கள்.

விமானம் தன் அடையாளத்தைத் தானாகவே அறிவிக்கும் கருவியான டிரான்ஸ்பாண்டர் அணைத்திருந்ததா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் பயணிகள் விமானங்களுக்கு எதிரே வருவது தெரியாது. 2014 மார்ச்சில் ஸ்வீடனுக்குத் தெற்கே ஒரு பயணிகள் விமானம் இப்படிப் பறந்த ரஷ்ய உளவு விமானத்தோடு மோதும் அளவுக்கு நெருங்கியது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை, அன்று இரவு அந்தப் பக்கம் ஆர்சி-135 சுற்றிக்கொண்டிருந்த சூழலில், சோவியத் படை சுட்டு வீழ்த்தியது, 269 பேரும் இறந்தார்கள். அவர்களுக்கும் இந்தப் பலப்பரீட்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விமானங்களைக் காட்டும் மொபைல் செயலிகளை நம்பி முடிவுக்கு வராதீர்கள், ராணுவ விமானங்கள் பெரும்பாலும் அதில் வராது, டேங்கர்கள் போன்ற சில மட்டும் சில சமயம் தெரியும். அதைவிட, இரண்டு நாட்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வட அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளையகமான நோராட் "சர்வதேச வான்வெளியிலேயே இருந்தன" என்கிறது, ரஷ்யா "நடுநிலைக் கடலுக்கு மேல் விதிப்படி பறந்தோம்" என்கிறது, இரண்டும் ஒத்துப்போனால் பெரும்பாலும் வழக்கமான விஷயம். ஒத்துப்போகாவிட்டால் பாதை வரைபடம் யார் வெளியிட்டார்கள் என்று பாருங்கள். ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் பெரும்பாலும் வெளியிட்டுவிடும்.

"நேட்டோ 4ஆம் பிரிவு" என்று வந்தால், அது உறுப்பு நாடுகளைக் கூடிப் பேசக் கேட்பது. எஸ்தோனியா கேட்டது அதைத்தான். ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்பது 5ஆம் பிரிவு. இந்த இரண்டையும் கலந்துகட்டி எழுதிய ஃபார்வர்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, நம் எல்லைச் செய்திகளுக்கு இந்த 22 கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1991 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தப்படி போர் விமானங்கள் அடுத்தவர் வான்வெளிக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது, 1996இல் சீனாவோடு போட்ட ஒப்பந்தமும் முன் அனுமதி இல்லாமல் மெய்யான எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்கிறது. அதனால் லடாக்கில் சீனப் போர் விமானம் கோட்டைத் தாண்டவே இல்லை என்று செய்தி சொன்னாலும், 10 கிலோமீட்டருக்குள் வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால், கோட்டைத் தொடாமலேயே ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது.