இரண்டரை வயதுக் குழந்தைக்குப் பல்வலி: ராத்திரி என்ன செய்வது, காலையில் எங்கே பார்ப்பது

பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இடது காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு நாளாகச் சளி வேறு. காதுவலிதான் என்று முடிவு கட்டி, விடிந்ததும் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் காதுக்குள் பார்த்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கும்மா, வாயைத் திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார். நாங்கள் பார்க்கவே இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் காதுப் பக்கத்துக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், பல் வலித்தால் குழந்தை காதைக் காட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று வாரமாக அவள் இட்லியைக்கூட வலப்பக்கமே ஒதுக்கி மென்றதும், ஐஸ்கிரீமை ஒரு நக்கு நக்கிவிட்டு நீட்டியதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: ராத்திரி வலியைக் குறைப்பது

இரண்டு வாய் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். இந்த வயதுக் குழந்தைக்குக் கொப்பளிக்கத் தெரியாது, அதனால் உப்புத் தண்ணீர் வேண்டாம். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல், வெளிப்பக்கமாகச் சில நிமிடம் வையுங்கள். படுக்கும்போது தலையணையைக் கொஞ்சம் உயர்த்தினால் துடிப்பு குறையும்.

மருந்து என்றால் பாரசிட்டமால். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 120 முதல் 180 மில்லிகிராம். இதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள்.

(பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், "எத்தனை மில்லி என்று மட்டும் சொல்லுங்கள், போதும்" என்று கேட்டிருந்தார். அப்படிச் சொல்லவே கூடாது. நம் கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் கிடைக்கிறது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். முதல் பாட்டிலில் சரியாக இருக்கும் 5 மில்லி, இரண்டாவதில் அதிகம். சொட்டு மருந்தில் 500 மில்லிகிராம் ஆகிவிடும், அது ஆபத்து. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்த பிறகு அளவு ஊற்றுங்கள்.)

ஆஸ்பிரின் குழந்தைக்கு எந்த வடிவத்திலும் கூடாது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்களில் அதே குடும்பத்து சாலிசிலேட் இருக்கிறது, அதுவும் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018லேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடலாம்.

அன்று ராத்திரி அத்தை கிராம்புத் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். காதுவலி என்று நாங்கள் நம்பியதால் மட்டும் அது அவள் வாய்க்குப் போகவில்லை. பெரியவர்களுக்கு அது கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் உள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் மென்மையான ஈறைப் பொசுக்கும். சின்னக் குழந்தை விழுங்கினால் கல்லீரல் வரை பாதிக்கும். பெரியவர்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். நான் மருத்துவரையே அத்தையிடம் சொல்லச் சொன்னேன், உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

படி 2: வாய்க்குள் பார்ப்பது

நாங்கள் தோற்றது இங்கேதான். நின்றபடி "ஆ காட்டு" என்றால் குழந்தை காட்டுவது நாக்கைத்தான். கடைவாய்ப் பல் தெரியாது.

நம் பாட்டிகள் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட உட்காருவார்களே, அதுபோல் தரையில் காலை நீட்டி உட்காருங்கள். குழந்தையை மல்லாத்தி, தலை உங்கள் மடியிலும் கால் உங்கள் பாதத்துப் பக்கமும் இருக்கும்படி படுக்க வையுங்கள். பேன் பார்க்கும்போது தலையைச் சாய்த்துப் பிடிப்போமே, அதே பிடி. இரண்டு பேர் இருந்தால் எதிரெதிரே முட்டியோடு முட்டி சேர உட்காருங்கள். ஒருவர் குழந்தையைத் தன்னைப் பார்த்தபடி இடுப்பில் வைத்து, மெல்லப் பின்னால் சாய்த்துத் தலையை மற்றவர் மடியில் விடவேண்டும். கால் வைத்திருப்பவரே கையையும் பிடித்துக்கொள்ளலாம். பல் மருத்துவமனையிலும் இப்படித்தான் பார்த்தார்கள்.

ஆட்காட்டி விரலைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விட்டு, கன்னத்தை வெளியே ஒதுக்குங்கள். பற்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள், கடித்துவிடும். அழுதால் வாய் இன்னும் நன்றாகத் திறக்கும், அதற்காகப் பதறவேண்டாம். செல்போன் டார்ச் வேண்டாம். ஒரு கை போய்விடும், வெளிச்சமும் குழந்தையின் கண்ணில் அடிக்கும். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு வாங்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

எங்கே பார்ப்பது?

முதலில் மேல் உதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறைத் தொடும் இடத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவினதுபோல் மங்கலான வெள்ளைக் கோடு இருந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். இந்த நிலையில் பிடித்தால் பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் தடவியே நிறுத்திவிட முடியும். பால் பாட்டிலோடு தூங்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் மேல் வரிசைதான் முதலில் போகும். கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும்.

பிறகு கடைவாய். மேலே உள்ள குழிகளை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு கடைவாய்ப் பற்களும் ஒட்டும் இடுக்கைப் பாருங்கள். பாப்பாவுக்கு மேலிருந்து பார்த்தால் பல் வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. டார்ச்சைச் சாய்த்தபோது, இடுக்கை ஒட்டி உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். ஒய் வடிவப் பிடி உள்ள ஃபிளாஸ் நூலை (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) மெல்ல இறக்கி இழுத்தேன். இரண்டு நாளைக்கு முந்தைய சுண்டலின் கொண்டைக்கடலைத் தோல் வெளியே வந்தது, கூடவே அழுகல் வாடை. அதை எடுத்த அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஊக்கு, ஈர்க்குச்சி, பல்குத்தும் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

படி 3: யாரிடம், எப்போது

கன்னமோ தாடையின் அடிப்பக்கமோ வீங்கினால், காய்ச்சல் அடித்தால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டால் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி ஒன்றிரண்டு நாளுக்குள் பல் மருத்துவர், முடிந்தால் குழந்தைகளுக்கென்றே படித்தவர். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

நாங்கள் முதலில் போன இடத்தில், "பால்பல்தானே, விழுந்துடும்" என்று திருப்பி அனுப்பினார்கள். இதை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வரும். முன்பல் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்கவேண்டியது. சீக்கிரம் போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வரும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, நரம்பு வரை போயிருந்த சொத்தையைச் சுத்தம் செய்து, எஃகு உறை போட்டார். அன்று சாயங்காலமே பாப்பா தோசை கேட்டாள்.

படி 4: அடுத்த பல்லைக் காப்பது

பிரஷ் தலை குழந்தையின் கட்டைவிரல் நகம் அளவுக்கு, மிக மென்மையாக இருக்கட்டும். விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ் முதல் பல் முளைக்கும்போது சரி. கடைவாய் முளைத்த பிறகு குழிக்குள் போகாது. பாட்டுப் பாடும் பேட்டரி பிரஷ் தேவையே இல்லை.

பற்பசை வாங்கும்போது அட்டையில் உள்ள பொம்மையைப் பார்க்காதீர்கள், ஃபுளோரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு) என்று பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்பதில் பலவற்றில் அது 500 பக்கம்தான் இருக்கிறது, சிலவற்றில் அறவே இல்லை. 1000 பிபிஎம் உள்ளதை, மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு வைத்து, காலையும் ராத்திரியும் நீங்களே தேய்த்துவிடுங்கள். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான்.

(பிற்சேர்க்கை: தர்மபுரியிலிருந்து ஒரு அம்மா, "எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம், பேஸ்ட்டிலும் வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான பயம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரிசி மணி அளவு பேஸ்ட் சுமார் 0.1 கிராம். முழுதாக விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள ஆழ்துளைத் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தால் அதைப்போல் பதினைந்து மடங்கு. ஆகவே முதலில் கவனிக்கவேண்டியது தண்ணீரைத்தான். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ ஆர்ஓ தண்ணீரையோ குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, பேஸ்ட்டின் அளவை மட்டும் உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ராத்திரிப் பால் பாட்டில் எங்களுக்குப் பெரும் போராட்டமாக இருந்தது. ஒரே நாளில் நிறுத்தப் பார்த்து இரண்டு நாள் யாரும் தூங்கவில்லை. அப்புறம் தினமும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினோம். பத்தாம் நாள் பாட்டிலில் வெறும் தண்ணீர், பன்னிரண்டாம் நாள் அவளே தள்ளிவிட்டாள்.

கடைசியாக ஒரு பிற்சேர்க்கை. "வலி தானாகவே நின்றுவிட்டது, ஈறில் சின்னப் பரு மட்டும் இருக்கிறது, இனி மருத்துவரிடம் போகவேண்டுமா?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். கட்டாயம் போங்கள். பல்லுக்குள் நரம்பு செத்துப்போனால் வலி நிற்கும். அந்தப் பரு, வேரில் கட்டிய சீழ் வெளியே வரும் வழி. அதைக் கிள்ளாமல், பிதுக்காமல், நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.