கத்தி வைத்த கழுத்தில் மாலை: கதையை முடிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டைய கிரேக்க அரங்கில், தெய்வ வேடமிட்ட நடிகரை உயரே தூக்கிக் காட்டுவதற்கு 'மேக்கனே' என்ற பாரந்தூக்கி இருந்தது. கதைமாந்தரால் அவிழ்க்க முடியாத முடிச்சை வானிலிருந்து வரும் தெய்வம் அவிழ்க்கும் வழக்கத்துக்கு அந்தக் கருவியின் பெயரே அடையாளமாக நிலைத்துவிட்டது.

கி.மு. 408இல் அரங்கேறிய யூரிப்பிடிசின் 'ஒரெஸ்டிஸ்' நாடகத்தின் இறுதியில், நாயகன் ஒரெஸ்டிஸ் அரண்மனைக் கூரையின்மேல், பிணையாகப் பிடித்த ஹெர்மயோனி என்ற பெண்ணின் கழுத்தில் வாளை வைத்து நிற்கிறான். கீழே அவள் தந்தை தவிக்கிறார். அரண்மனைக்குத் தீ வைக்கும் ஆணையும் பிறந்துவிட்டது. அப்போது தோன்றும் அப்போலோ தெய்வம், வாள் வைத்த அதே கழுத்தில் மாலையிடுமாறு ஒரெஸ்டிசுக்குக் கட்டளையிடுகிறார். ஆசிரியர் இதை எள்ளலாகவே எழுதினார் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. அந்த எள்ளல் நோக்கமில்லாமல் இவ்வழியைக் கைக்கொள்பவருக்கு, வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

முடிவு சரியாக அமையாதபோது எழுத்தாளர் பலரும் கடைசிக் காட்சியையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். ஆனால் பிழை பெரும்பாலும் நடுப்பகுதியில், கதைமாந்தரின் வலுவுக்கு மீறி முடிச்சை இறுக்கிய இடத்தில்தான் இருக்கும்.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததுபோன்ற தற்செயலை, நாயகனைச் சிக்கலில் மாட்டிவிடப் பயன்படுத்தினால் வாசகர் பொறுத்துக்கொள்வார். சிக்கலிலிருந்து மீட்கப் பயன்படுத்தினால் பொறுக்கமாட்டார். இறுதி அத்தியாயத்தில் கிடைக்கும் உயிலும், ஒரே அறிவுரையில் திருந்தும் வில்லனும் இவ்வகையே.

இதற்குப் பரிகாரமாக, பின்னால் உதவப்போகும் மாமாவை முதல் அத்தியாயத்தில் ஒரு வரியில் காட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடிசின் 'மெடியா'வில் நாயகி தேரேறித் தப்பும் முடிவு கதைக்குள்ளிருந்து எழவில்லை என்று அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில் குறை கூறினார். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. மெடியா சூரியக் கடவுளான ஹீலியோசின் பேத்தி என்பது நாடகத்தில் முன்பே சொல்லப்படுகிறது. ஏதென்ஸ் மன்னன் ஏகேயசிடம் அவள் வாங்கும் சத்தியத்திலும் அந்தப் பாட்டனாரின் பெயர் வருகிறது. அதைவிட முக்கியமானது, அவர் அனுப்பிய தேர் அவளைக் காப்பாற்றினாலும் எதையும் சரிசெய்வதில்லை. அவளே கொன்ற அவள் பிள்ளைகளின் உடல்களும் அதே தேரில் இருக்கின்றன. ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கெஞ்சும் அவள் கணவன் ஜேசனுக்கு அவள் அதையும் மறுத்துவிடுகிறாள்.